இது யாருடைய பாடு?

பழவேற்காட்டு ஏரிக்கரையிலே ஒரு பழைய முறை உண்டு. "பாடு" என்பது அதன் பெயர். இறாலும் மீனும் மிகுதியாக வரும் நீரிடங்கள் சில. அங்கே வலை போட விரும்புவோர் பலர். வலுத்தவன் வளைத்துக்கொள்ளட்டும், இளைத்தவன் ஏங்கி நிற்கட்டும் என்று விட்டுவிட்டால் ஏரி ஏரியாக இராது, போர்க்களமாகிவிடும். ஆகவே குப்பத்தார் கூடினர், குலுக்கல் போட்டனர், இன்ன நாள், இன்ன இடம், இன்னாருக்கு என்று முறை வகுத்தனர். இன்று உன் பாடு, நாளை என் பாடு! பொருளாதாரப் பேராசிரியர் எவரும் வந்து சொல்லிக் கொடுத்ததல்ல அது. படகும் பசியும் கற்றுத்தந்த பாடம்.

குறையே இல்லாத முறை என்று கூறமாட்டோம். இன்ன சமூகத்தாருக்கே பாடு என்று வேலி போட்டதும் உண்டு, வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்டோர், "எங்களுக்கும் வயிறு இருக்கிறதே, எங்கள் பாடு எங்கே?" என்று கேட்டு, மோதல் மூண்டதும் உண்டு. வலையும் படகும் இல்லாமல், நீரிலே இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் பழங்குடி மக்களுக்கு எந்தக் குலுக்கலிலும் சீட்டு விழுந்ததில்லை. இந்தக் குறைகளை மறைக்க நாம் வரவில்லை. ஆனால் அந்த முறையின் உயிர்நாடியாக ஒரு கேள்வி இருக்கிறதே, அது உயர்ந்த கேள்வி. பொதுச்சொத்திலே கைவைக்கும்போதெல்லாம் கேட்கவேண்டிய கேள்வி. "இப்போது யாருடைய பாடு?"

அந்தக் கேள்வியை ஏரிக்கரையிலிருந்து எடுத்துச் சென்று, டில்லிப்பட்டணத்து நிதியமைச்சகத்தின் வாயிற்படியிலே வைக்க விரும்புகிறோம்.

2026 பிப்ரவரி 1-ஆம் நாள், ஒன்றிய நிதியமைச்சர் நிதிநிலை அறிக்கையைப் படித்தார். நாட்டிலே ஏழு அதிவேக இரயில் வழித்தடங்கள் வரப்போகின்றன என்றார். அந்த ஏழிலே இரண்டு சென்னையைத் தொடுகின்றன. ஒன்று, சென்னை - பெங்களூரு. மற்றொன்று, ஐதராபாத் - சென்னை. கைதட்டல் ஒலித்தது, ஏடுகளிலே எட்டுக்காலத் தலைப்பு வந்தது, மின்னல் வேகம், காற்றைக் கிழிக்கும் வேகம், கண்ணிமைக்கும் நேரம் என்றெல்லாம் வருணனைகள் வந்தன. மகிழ்ச்சி! தமிழகத்துக்கு ஒன்றுமே தரவில்லை என்று குறைகூறிய நாம், இரண்டு தடம் வருகிறது என்றதும் முகம் சுளிக்கலாமா என்று கேட்பார்கள். முகம் சுளிக்கவில்லை, தோழர்களே! கணக்குத்தான் கேட்கிறோம்.

ஐதராபாத்திலிருந்து வரும் தடம் எந்த வளைவிலே வளைந்து, எந்த ஊரைத் தொட்டு வந்தாலும், திருவள்ளூர் மாவட்டத்து மண்ணை மிதிக்காமல் சென்னைக்குள் நுழைய வழியில்லை. அந்த மாவட்டத்தின் கடலோர மூலையிலேதான் பழவேற்காடு இருக்கிறது. ஒரிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி அது. ஒரு கரை தமிழகத்திலே, பெரும்பகுதி ஆந்திரத்திலே. 17-ஆம் நூற்றாண்டிலே டச்சுக்காரர் வந்து கோட்டை கட்டிக் கொடி பறக்கவிட்டு, துணி வாணிகம் நடத்திய துறைமுகம். உலகமே தேடி வந்த ஊர்! இன்றைக்கோ, அந்த ஊருக்கு இரயில் கிடையாது. இரயிலைப் பார்க்க வேண்டுமானால் இருபது கிலோமீட்டர் அளவு பேருந்திலே பொன்னேரிக்கு வரவேண்டும்.

அந்தக் கரைக்கு நாம் சென்றிருந்தோம். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், லைட்அவுஸ்குப்பம், கூனங்குப்பம் என்று வரிசையாகக் குப்பங்கள். விடியுமுன் போன படகுகள் திரும்பிக்கொண்டிருந்தன. நண்டைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்த முதிய அம்மையார் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம். "அம்மா, சென்னையிலிருந்து ஐதராபாத்துக்குப் புல்லட் இரயில் விடப்போகிறார்களாம், தெரியுமா?" என்றோம். அவர் தலையை நிமிர்த்தவில்லை. கை நிற்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"அது பொன்னேரியிலே நிக்குமா, தம்பி?"

நாம் விடை சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை! மணிக்கு 320 கிலோமீட்டர் ஓடும் வண்டி பொன்னேரியிலே நிற்காது. நின்றால் அது புல்லட் இரயில் அல்ல. அது நில்லாமல் போவதிலேதான் அதன் பெருமை அடங்கியிருக்கிறது. ஆனால் அந்த அம்மையாரின் வாழ்வோ, பொன்னேரியிலே நிற்கிற வண்டியிலே அடங்கியிருக்கிறது. இந்த இரண்டு உண்மைகளையும் பக்கத்திலே பக்கத்திலே வைத்துப் பார்த்துத்தான் நாடு முடிவெடுக்க வேண்டும்.

இனிக் கணக்குக்கு வருவோம். மேடைப் பேச்சல்ல, கூட்டல் கழித்தல்.

இந்தியாவின் முதல் புல்லட் இரயில் திட்டம் மும்பை - அகமதாபாத். 508 கிலோமீட்டர். 2017 செப்டம்பர் 14-ஆம் நாள் அகமதாபாத்திலே பிரதமர் மோடியும், ஜப்பானியப் பிரதமர் ஷின்சோ அபேயும் அடிக்கல் நாட்டினார்கள். முதல் மதிப்பீடு 1 இலட்சத்து 8 ஆயிரம் கோடி ரூபாய். 2022 ஆகஸ்டிலேயே ஓட்டிக் காட்டுவோம் என்று அன்று பேசினார்கள். 2022 வந்தது, வண்டி வரவில்லை. பிறகு, சூரத்தை ஒட்டிய முதல் பகுதி மட்டும் 2027-ல் என்றார்கள். அடிக்கல்லுக்கும் அந்த முதற்பகுதிக்கும் இடையே பத்தாண்டு! மதிப்பீடு இத்தனை ஆண்டிலே எங்கே நிற்கும் என்பதை வீடு கட்டியவர் எவரும் அறிவர். அது கிடக்கட்டும். முதலிலே அவர்களே போட்ட பழைய கணக்கையே எடுத்துக்கொள்வோம். 1,08,000 கோடியை 508-ஆல் வகுத்தால், ஒரு கிலோமீட்டருக்கு 212 கோடி ரூபாய்க்கு மேல்.

212 கோடி! நமக்கு அந்தத் தொகை வெறும் எண். அதைப் பழவேற்காட்டுக் காசாக மாற்றிப் பார்ப்போம்.

ஏரியும் கடலும் கைகுலுக்கும் இடம் முகத்துவாரம். அது திறந்திருந்தால் கடல்நீர் உள்ளே வரும். மீன்குஞ்சும் இறால்குஞ்சும் உடன் வரும். படகும் கடலுக்குப் போய்த் திரும்பும். மணல் மூடிக்கொண்டால் ஏரிக்கு மூச்சு முட்டும். ஏரிக்கு மூச்சு முட்டினால் குப்பத்து அடுப்பு அணையும். ஆண்டுதோறும் மணல் மூடும், மக்கள் மனுக்கொடுப்பர். தாங்களே கூடித் தூர்வாரிய காலமும் உண்டு. "நிரந்தரமாகத் திறந்திருக்க வழிசெய்யுங்கள்" என்று கேட்டுக் கேட்டு ஒரு தலைமுறைக்கு நரை விழுந்தது. பல ஆண்டுக் கோரிக்கைக்குப் பிறகே, முகத்துவாரத்தின் இருபுறமும் கற்சுவர் எழுப்பும் திட்டம் வகுக்கப்பட்டது. அதற்கு ஒதுக்கிய தொகை சுமார் 27 கோடி ரூபாய்.

27 கோடியிலே புல்லட் தடம் எவ்வளவு போடலாம்? ஏறத்தாழ 127 மீட்டர். மணிக்கு 320 கிலோமீட்டர் வேகத்திலே பாயும் வண்டி அந்த 127 மீட்டரைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம் ஒன்றரை நொடிகூட இல்லை!

ஒரு ஏரியின் மூச்சு, எத்தனையோ குப்பங்களின் சோறு, ஆண்டாண்டு காலக் கோரிக்கை, அத்தனையும் சேர்ந்து அந்த வண்டிக்கு ஒன்றரை நொடி. நாம் கற்பனை செய்யவில்லை. பெருக்கி வகுத்துப் பார்த்தோம். அந்த ஒன்றரை நொடிக்குப் பணம் கேட்டுத்தான் பழவேற்காட்டு மக்கள் ஆண்டுக்கணக்கிலே அரசு அலுவலகங்களின் வாசலிலே காத்துக் கிடந்தார்கள்.

இதைச் சொன்னதும், "அப்படியானால் நீங்கள் விஞ்ஞானத்துக்கு விரோதிகள், வேகத்துக்கு எதிரிகள், மாட்டுவண்டி யுகத்துக்குத் திரும்பச் சொல்கிறீர்கள்" என்று சிலர் பாய்வார்கள். பாயட்டும். பழவேற்காட்டுக்காரனிடம் போய் வேகத்தைப் பற்றி எவரும் பாடம் நடத்தத் தேவையில்லை. மனிதன் படைத்த வேகங்களிலே மிகப் பெரிய வேகம் அவன் வீட்டுக்கு எதிரிலேதான் புறப்படுகிறது! ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் சிறீஅரிக்கோட்டா தீவிலே இருந்துதான் இராக்கெட்டுகள் கிளம்புகின்றன. 1979-ல் அங்கிருந்து போன எஸ்.எல்.வி. கடலிலே விழுந்தது, 1980-ல் விண்ணிலே ஏறியது, 2023 சூலை 14-ல் சந்திரயான்-3 நிலவை நோக்கிப் புறப்பட்டது. இராக்கெட் விடும் நாளிலே, "கடலுக்குப் போகாதே" என்று மீனவனுக்குக் கட்டளை வரும். அன்றைய பிழைப்பு போகும். அவன் கரையிலே நின்று அண்ணாந்து பார்ப்பான்.

அவன் அந்த இராக்கெட்டிலே ஏறப்போவதில்லை. ஆனாலும் அந்தச் செலவு வீண் என்று நாம் சொல்லமாட்டோம். ஏன்? மேலே போன செயற்கைக்கோள் புயல் வருவதைப் பார்த்துச் சொல்கிறது. எந்தத் திசையிலே மீன் திரளும் என்று கணிக்க உதவுகிறது. ஏறாதவனுக்கும் பயன் உண்டு. அதனால்தான் அது பொதுச்செலவு. தனியார் பந்தயத்துக்கும் பொதுச்செலவுக்கும் உள்ள வேற்றுமையே இதுதான். ஏறுகிறவனுக்கு என்ன கிடைக்கும் என்பது வாணிகனின் கேள்வி. ஏறாதவனுக்கு என்ன கிடைக்கும் என்பது அரசு கேட்கவேண்டிய கேள்வி!

அந்தக் கேள்வியைப் புல்லட் இரயிலிடமும் கேட்போம். நேர்மையாகக் கேட்போம். விடை இருக்குமானால் ஒப்புக்கொள்வோம்.

விடை இருக்கிறது. ஜப்பானிலே இருக்கிறது. 1964 அக்டோபர் 1-ஆம் நாள் தோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே உலகின் முதல் அதிவேக இரயில் ஓடிற்று. ஆடம்பரத்துக்காக அதை அவர்கள் கட்டவில்லை. பழைய தோக்கைடோ தடத்திலே வண்டிமேல் வண்டி நெருக்கியடித்து, இனி ஒன்றுகூடச் செருக இடமில்லை என்ற நிலை வந்தபிறகு கட்டினார்கள். உலக வங்கியிடம் 8 கோடி டாலர் கடன் வாங்கிக் கட்டினார்கள். செலவு மதிப்பீட்டைத் தாண்டி எகிறியபோது, ஜப்பான் தேசிய இரயில்வேயின் தலைவர் சோகோ ஷின்ஜியும், தலைமைப் பொறியாளர் ஷிமா ஹிதேயோவும் 1963-ல் பதவி விலகினார்கள். திட்டம் வென்றது, ஆனாலும் மதிப்பீடு தவறியதற்குப் பொறுப்பேற்று அவர்கள் வெளியேறினார்கள்! புல்லட் இரயிலை இறக்குமதி செய்கிறவர்கள், அந்தப் பொறுப்புணர்ச்சியையும் கூடவே இறக்குமதி செய்யக்கூடாதா?

அதிவேக வண்டிகள் தனித்தடத்துக்குப் போனதால், பழைய தடத்திலே நெருக்கடி தளர்ந்தது. அதுதான் ஏறாதவனுக்குக் கிடைத்த பயன். புதுத்தடத்தின் உண்மையான பெருமை அதிலே ஓடுவதில் மட்டும் இல்லை. பழைய தடத்திலே அது விட்டுச்செல்லும் இடத்திலும் இருக்கிறது.

சீனம் 2008-ல் பெய்ஜிங் - தியான்ஜின் தடத்திலே தொடங்கி, இன்று 45,000 கிலோமீட்டருக்கு மேல் அதிவேகத் தடம் போட்டிருக்கிறது. உலகமே வியக்கும் சாதனை. அதே சீனத்தின் இரயில்வே நிறுவனத்தின் தலையிலே ஏறத்தாழ 6 இலட்சம் கோடி யுவான் கடனும் இருக்கிறது. தைவான் 2007-ல் ஓட்டியது. எதிர்பார்த்த பயணிகள் வராமல் நிறுவனம் தள்ளாடியது. 2015-ல் அரசு கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டியதாயிற்று. இங்கிலாந்து இலண்டனிலிருந்து மான்செஸ்டர் வரை போடுவதாக ஆரம்பித்து, செலவைப் பார்த்து மலைத்து, 2023-ல் பர்மிங்காமுக்கு அப்பால் வேண்டாம் என்று கைகழுவியது. கலிபோர்னியாவிலே 2008-ல் மக்களிடம் வாக்குக் கேட்டு ஒப்புதல் பெற்றார்கள்; இன்னமும் ஒரு பயணிகூட ஏறவில்லை.

இதிலிருந்து என்ன தெரிகிறது? அதிவேக இரயில் நல்லதா கெட்டதா என்று கேட்பதே தவறு. கத்தி நல்லதா கெட்டதா என்பது போல அது. எங்கே, எப்போது, எதற்கு அடுத்தபடியாக என்று கேட்கவேண்டும். சாதாரண மனிதனின் வண்டியைச் சீராக்கிவிட்டு, அதுவும் போதவில்லை என்ற நிலையிலே போட்டவர்கள் வென்றார்கள். சாதாரண வண்டியை விட்டுவிட்டு விழாவுக்காகப் போடுகிறவர்கள் வட்டி கட்டுவார்கள்.

நம் சாதாரண வண்டி எப்படி இருக்கிறது?

பொன்னேரி வழியாகச் செல்லும் சென்னை - கூடூர் தடத்தைப் பாருங்கள். வடநாடு போகும் விரைவு வண்டி, துறைமுகத்துச் சரக்கு வண்டி, கும்மிடிப்பூண்டிக்கும் சூலூர்பேட்டைக்கும் போகும் புறநகர் வண்டி, எல்லாம் அந்தத் தடத்திலேதான். சென்னையிலிருந்து அத்திப்பட்டு வரையில் நான்கு தடம். அதற்கு வடக்கே நெடுங்காலமாக இரண்டே தடம். கூடுதல் தடத்துக்கு ஒப்புதல் வந்தது அண்மையிலேதான். விரைவு வண்டி வருகிறதென்றால் புறநகர் வண்டி ஓரம்கட்டும். உள்ளே நிற்பவர் யார்? ஆலைக்கு முறைவேலைக்குப் போகிற தொழிலாளி. கல்லூரிக்குப் போகிற பெண். கூடையை இடுக்கிக்கொண்டு நிற்கிற மீன்காரி. ஐஸ் கரைகிறது, மீன் கண் சிவக்கிறது, விலை இறங்குகிறது. பத்து நிமிடத் தாமதம் குளிர்சாதனப் பெட்டியிலே இருப்பவருக்குச் சலிப்பு. கூடைக்காரிக்கு நட்டம்! நேரத்தின் மதிப்பு பணக்காரனுக்கு அதிகம், ஏழைக்குக் குறைவு என்று திட்ட அறிக்கைகள் கூட்டிக் கழிக்கின்றன. கரையிலே வந்து பார்க்கட்டும். நேரம் யாருக்குப் பொன் என்று தெரியும்.

அதே தடத்திலே, பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடையே கவரைப்பேட்டை இருக்கிறது. 2024 அக்டோபர் 11-ஆம் நாள் இரவு, மைசூரிலிருந்து தர்பங்கா போன பாக்மதி விரைவு வண்டி, நேர்த்தடத்திலே போகச் சைகை பெற்றிருந்தும், கிளைத்தடத்திலே புகுந்து, நின்றிருந்த சரக்கு வண்டியின் மீது மோதியது. பெட்டிகள் கவிழ்ந்தன, தீப்பிடித்தது, பலர் காயமடைந்தார்கள். நல்லவேளை, உயிர்கள் தப்பின. அதற்கு முன்னால், 2023 சூன் 2-ஆம் நாள், சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு வண்டி ஒரிசாவின் பாலசோர் மாவட்டத்திலே இதேபோலக் கிளைத்தடத்திலே புகுந்து மோதியது. அங்கே உயிர்கள் தப்பவில்லை. ஏறத்தாழ 290 பேரைப் பறிகொடுத்தோம்.

மோதலைத் தடுக்க "கவச்" என்ற கருவி இருக்கிறது. நம் நாட்டிலேயே உருவானது. தடத்திலும் நிலையங்களிலும் அதைப் பொருத்தக் கிலோமீட்டருக்குச் சுமார் 50 இலட்சம் ரூபாய் என்று இரயில்வேயே கூறுகிறது. அது ஒன்றே எல்லா விபத்தையும் தடுத்துவிடும் என்று நாம் அளக்கவில்லை. தண்டவாளம் பழுது பார்க்க ஆள் வேண்டும், சைகை முறை சீராக வேண்டும், காலிப் பணியிடம் நிரம்ப வேண்டும். ஆனால் கணக்கைப் பாருங்கள். சென்னையிலிருந்து கூடூர் 140 கிலோமீட்டருக்கும் குறைவு. ஒரு கிலோமீட்டர் புல்லட் தடத்துக்கான காசிலே, அந்தத் தூரம் முழுமைக்கும் கவச் பொருத்துவது ஒருமுறை அல்ல, மூன்று முறை நடக்கும்!

"அந்தப் பணம் ஜப்பான் தரும் கடனல்லவா? 100-க்கு 81 பங்கு அவர்கள் கொடுக்கிறார்கள். வட்டி ஆண்டுக்கு 0.1 விழுக்காடு. 50 ஆண்டிலே திருப்பினால் போதும். முதல் 15 ஆண்டு கட்டவே வேண்டாம். அதைப் பொன்னேரிக்கோ பழவேற்காட்டுக்கோ செலவிட முடியுமா?" என்று கேட்பார்கள். மலிவான கடன்தான், மறுக்கவில்லை. ஆனால் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினாலும் கடன் கடன்தானே! திருப்பித் தரவேண்டியது யென் நாணயத்திலே. ரூபாய் சரிந்தால் பாரம் ஏறும். ஐம்பது ஆண்டுக்குப் பிறகு அந்தக் கடைசித் தவணையைக் கட்டப்போகிறவன் யார்? இன்று லைட்அவுஸ்குப்பத்துப் பள்ளியிலே அரிச்சுவடி படிக்கும் பிள்ளை. அவன் வாங்கும் சோப்புக்கும் வலைநூலுக்கும் கொடுக்கிற வரி அங்கேதான் போகும். வண்டியிலே ஏறாமலேயே டிக்கெட்டுக் காசு கொடுக்கப்போகிறவன் அவன். அவனுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்க உரிமை இல்லையா?

இன்னொன்றும் சொல்லவேண்டும். தென்னாட்டிலே இரயில் 1856 சூலை 1-ஆம் நாள் இராயபுரத்திலே இருந்து புறப்பட்டது. வெள்ளையன் தன் படைக்கும் தன் வாணிகத்துக்கும் போட்ட தடம். ஆனால் அவன் நினையாத ஒன்று நடந்தது. மூன்றாம் வகுப்புப் பெட்டியிலே, தீண்டாதே என்றவனும் தீண்டப்படாதவன் என்று ஒதுக்கப்பட்டவனும் தோளோடு தோள் இடித்து உட்கார நேர்ந்தது. ஆயிரம் ஆண்டுச் சாத்திரத்தை ஒரு மரப்பலகை இருக்கை அசைத்தது! இரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலைகளிலே சாதி பார்த்துத் தனியிடம் ஒதுக்கிய பலகைகளையும், தந்தை பெரியார் எழுப்பிய போர்க்குரலுக்குப் பின், 1941-ல் எடுத்தாகவேண்டி வந்தது. இரயில் என்பது வெறும் இரும்பல்ல, தோழர்களே. சமன்செய்யும் கருவி. மலிவாக இருந்ததால்தான் அது சமன்செய்தது.

இன்றைக்குப் பலகை வேண்டியதில்லை; விலைச்சீட்டே போதும்! முதியோருக்குத் தந்துவந்த கட்டணச் சலுகையை, ஆணுக்கு 40 விழுக்காடு, பெண்ணுக்கு 50 விழுக்காடு, 2020 மார்ச்சிலே நோய்த்தொற்றைக் காட்டி நிறுத்தினார்கள். தொற்று போனது, சலுகை திரும்பவில்லை. பயணிக்குக் கொடுக்கும் சலுகை சுமை என்று கணக்குக் காட்டுகிறவர்கள், கிலோமீட்டருக்கு 212 கோடி இறைப்பதை மட்டும் "முதலீடு" என்கிறார்கள். கிழவிக்குக் கொடுத்தால் சுமை. கோடீசுவரன் நேரத்தை மிச்சப்படுத்தினால் முதலீடு! நல்ல அகராதி!

மும்பைத் திட்டத்திலே தானே கடற்கழியின் அடியிலே 7 கிலோமீட்டர் சுரங்கம் தோண்டுகிறார்கள். மேலே பூநாரைகள் வாழும் சரணாலயம் இருப்பதால், தூண் நட்டு அவற்றைக் கலைக்கவேண்டாம் என்ற பரிவு. பாராட்டுகிறோம். பழவேற்காட்டுக்கும் பூநாரைகள் வருகின்றன. ஏரி முழுவதும் இளஞ்சிவப்பாகப் பூக்கும். பறவைக்குக் காட்டும் அந்தப் பரிவை, அதே நீரிலே வலைவீசும் மனிதனுக்கும் காட்டுங்கள் என்று கேட்டால், அது பெரும் குற்றமா?

ஆகவே, நாம் "வேண்டாம்" என்று கூச்சலிடவில்லை. சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே மக்கள் நெரிசல் இருக்கிறது, தொழில் இருக்கிறது, வானூர்தியிலே பறப்போரை இரயிலுக்கு இழுக்க வாய்ப்பும் இருக்கிறது. அந்தத் தடம் தேறக்கூடும். தேர்வு வையுங்கள் என்கிறோம். தேர்வுக்கு நான்கு கேள்விகள் தருகிறோம்.

ஒன்று: அதே திசையிலே ஓடும் சாதாரண வண்டிக்குத் தடமும், கவசமும், பெட்டியும் முதலிலே போதுமான அளவு கொடுத்துவிட்டீர்களா?

இரண்டு: புதுத்தடம் வந்தபின் பழைய தடத்திலே காலியாகும் இடம் யாருக்கு? அதைப் புறநகர் வண்டிக்கும் சாதாரணப் பெட்டிக்கும் தருவோம் என்று, வாய்ச்சொல்லாக அல்ல, திட்ட ஆவணத்திலேயே எழுதிக் கையெழுத்திடுவீர்களா?

மூன்று: நிலம் கொடுக்கும் உழவனையும், நீர்வழி மாறினால் பாதிக்கப்படும் மீனவனையும் அவரவர் ஊரிலே, அவரவர் மொழியிலே, தடம் முடிவாகுமுன் கேட்பீர்களா? மாநில அரசைக் கலந்து முடிவெடுப்பீர்களா, முடிவெடுத்துவிட்டுக் கலப்பீர்களா?

நான்கு: மதிப்பீடு மீறினால் பொறுப்பு யாருக்கு? பெயர் சொல்லுங்கள்.

நான்குக்கும் நேரான விடை கிடைக்குமானால், முதல் வண்டிக்கு மாலைபோட நாமே மேடைக்கு வருகிறோம். விடை இல்லாமல் அடிக்கல் மட்டும் விழுமானால், அந்தக் கல்லின் எடை யார் தலையிலே ஏறும் என்பதை ஊர் ஊராகச் சொல்வோம்.

ஏரிக்கரைக்குத் திரும்புவோம். பாட்டு முறையிலே ஒரு நுட்பம் உண்டு. நல்ல நீரிடம் ஒருவனுக்கே என்றைக்கும் உரியதல்ல. நேற்று எடுத்தவன் இன்று ஒதுங்கி நிற்பான். எவ்வளவு பெரிய படகு வைத்திருந்தாலும், எவ்வளவு நீண்ட வலை வைத்திருந்தாலும், முறை வரும்வரை காத்திருப்பான். படிக்காத பாட்டன் வகுத்த நீதி இது.

டில்லியின் கருவூலமும் ஓர் ஏரிதான். நாட்டு மக்கள் எல்லோருடைய வரியும் ஓடிவந்து சேருகிற ஏரி. அதிலே பெரிய படகுக்காரர்கள் எத்தனையோ முறை வலைபோட்டாயிற்று. வானூர்தி நிலையம் அவர்களுக்கு. எட்டுவழிச் சாலை அவர்களுக்கு. குளிர்சாதன வந்தே பாரத் அவர்களுக்கு. இப்போது புல்லட்டும் அவர்களுக்கே என்றால், கரையிலே காத்து நிற்கிறவர்கள் கேட்கத்தான் செய்வார்கள்.

நண்டு பிரித்துக்கொண்டிருந்த அந்த அம்மையார் ஏறுகிற வண்டிக்குக் கட்டணம் ஒரு குவளைத் தேநீரின் விலைதான். அந்த வண்டி நேரத்துக்கு வரவேண்டும், அவர் கூடை வைக்க இடம் வேண்டும், பத்திரமாகப் போய்ச்சேர வேண்டும். அவர் கேட்பது அவ்வளவே. முந்நூற்று இருபது கிலோமீட்டர் வேகம் கேட்கவில்லை. பொன்னேரியிலே நிற்குமா என்றுதான் கேட்டார்.

முதலில் பொன்னேரி. பிறகு புல்லட். இது அவர் பாடு!